நகைக்கு ஒரு பெட்டி, பத்திரத்துக்கு ஒரு பெட்டி

தங்கம் விலை ஏற ஏற எங்கள் குடவாசல் பக்கம் ஒரு கேள்வி அதிகமாகிவிட்டது. "வீட்டுக்கு ஒரு லாக்கர் பெட்டி வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?

நகை என்று உடனே பதில் வரும். சரி, வீட்டுப் பத்திரம், நிலத்துப் பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட்டெல்லாம் எங்கே? "அதெல்லாம் பீரோ மேல ஒரு பையில கெடக்கு."

இந்தப் பதிலால்தான் இந்தப் பதிவு. நம் வீடுகளில் தங்கத்துக்குப் பூட்டுக்கு மேல் பூட்டு போடுகிறோம். காகிதத்துக்கு ஒரு மஞ்சப்பை போதும் என்று இருக்கிறோம். ஆனால் திருடன் தேடி வருவது நகையை. தீ முதலில் தின்பது காகிதத்தை. இரண்டுக்கும் வேண்டிய பெட்டி ஒன்றல்ல. இது தெரியாமல் ஒரே பெட்டியை வாங்கி இரண்டையும் உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய பேர்.

காவலுக்குப் பேர்போன ஊர்

பொருளைக் காப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனார் இந்த ஊர்க்காரர். அகநானூற்றின் 60ஆம் பாட்டு அவருடையது. காதலில் விழுந்த மகளைத் தாய் வீட்டுக்குள் காவல் வைக்கிறாள். அந்தக் காவலின் கடுமையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட உவமை, சோழர்கள் குடந்தையில் வைத்திருந்த கருவூலம். அந்தக் குடந்தை கும்பகோணமா, குடவாயில் என்ற எங்கள் குடவாசலா என்று அறிஞர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. எதுவானாலும், அரசுக் கருவூலத்தின் காவல் எப்படி இருக்கும் என்பது இந்த வட்டாரத்து மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பும் இதையே காட்டுகிறது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறையை அடைத்து வைத்தது குடவாயிற் கோட்டத்துச் சிறையில். ஓர் அரசனையே அடைத்து வைக்கும் அளவுக்கு இங்கே மதிலும் காவலும் இருந்திருக்கின்றன. அந்தக் கோச்செங்கணான் எழுப்பியது என்று சொல்லப்படும் மாடக்கோயில்தான் இன்றும் ஊர் நடுவே நிற்கும் கோணேசுவரர் கோயில்.

அந்தக் காலத்துக் காவலில் மூன்று விஷயம் இருந்தது: உறுதியான சுவர், எளிதில் எட்டாத இடம், விழித்திருக்கும் ஆள். இன்றைக்கு நாம் வாங்கும் பெட்டிக்கும் இந்த மூன்றும் வேண்டும். பெட்டி மட்டும் போதாது.

பீரோவை நம்பாதீர்கள்

நம்மில் பலருக்கு வீட்டு லாக்கர் என்றால் இரும்பு பீரோவுக்குள் இருக்கும் சின்ன அறைதான். பீரோ துணி வைப்பதற்குச் செய்தது. அதன் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது.

எங்கள் அடுத்த தெருவில் பூட்டியிருந்த ஒரு வீட்டில் திருட்டு நடந்தபின் அந்தப் பீரோவைப் பார்த்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் கதவின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்கு வெளியே மடங்கியிருந்தது. அங்கே பெயின்ட் உதிர்ந்து, கடப்பாரை நுனி அழுந்திய தடம் இரண்டு. அவ்வளவுதான் சேதம். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாவியைப் போட்டால் அப்போதும் ஒழுங்காகத் திரும்பியது. வந்தவன் பூட்டைத் தொடவே இல்லை, தகட்டை நெம்பிவிட்டான். உள்லாக்கருக்கு அந்த வேலையும் இல்லை. அதன் சாவி அதே பீரோவில், மேல்தட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

சாவியை எங்கே வைப்பது என்பதில் நம் எல்லாருடைய புத்தியும் ஒரே மாதிரிதான் போகிறது. புடவைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், பீரோ தலையில். நமக்குத் தோன்றும் இடம் திருடனுக்கும் தோன்றும். சென்னையில் 'பீரோ புல்லிங்' என்றே ஒரு திருட்டு வகை செய்திகளில் அடிபட்டது. ஜன்னலோரம் இருக்கும் பீரோவை வெளியில் நின்றபடியே கம்பியால் இழுத்துத் திறந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் கால் வைக்கக்கூட வேண்டியதில்லை.

பழைய வீடுகளில் இருந்த இரும்புப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கனம். முகப்பு முழுக்கக் குமிழ் ஆணிகள். அதில் ஏதோ ஓர் ஆணித்தலையைத் தள்ளினால்தான் சாவித்துளை தெரியும். எந்த ஆணி என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். 2019இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல், பூட்டோடு இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர்.

உடைக்க முடியாத பெட்டி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் யு.எல். சோதனையில் 'டிஎல்-15' முத்திரை பெற்ற பெட்டி, கைதேர்ந்த ஆட்கள் கருவிகளோடு உடைக்கப் பார்த்தாலும் 15 நிமிட வேலைக்கு ஈடுகொடுக்க வேண்டும். நம் நாட்டில் பெட்டகங்களுக்கு ஐ.எஸ். 550 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. கடையில் கேட்க வேண்டியது இந்த முத்திரையைத்தான். 'ஹெவி டியூட்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது வெறும் விளம்பரம். தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர், கதவில் எத்தனை போல்ட் எத்தனை பக்கம் போகிறது, எந்தச் சோதனையில் தேறியது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பெட்டியைவிடச் சுவர் முக்கியம்

2019 அக்டோபர் 2 விடிகாலை திருச்சியில் நடந்த நகைக்கடைக் கொள்ளை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. முகமூடி போட்ட இரண்டு பேர் கடையின் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே போனார்கள். கோடிக்கணக்கான மதிப்புள்ள நகை போனது. அடுத்த நாள் வாகனச் சோதனையில் ஒருவர் பிடிபட்டது எங்கள் மாவட்டத் தலைநகரான திருவாரூரில். அதே ஆண்டு ஜனவரியில் திருச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு வங்கிக் கிளையின் சுவரைத் துளைத்து லாக்கர்களை உடைத்திருந்தார்கள்.

வாசலில் ஷட்டர், பூட்டு, கேமரா எல்லாம் இருந்தும் வழி சுவரில் கிடைத்துவிட்டது. நம் வீட்டுப் பெட்டிக்கும் இதே நிலைதான். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் எண்பூட்டுப் பெட்டிகள் பல, பத்துப் பதினைந்து கிலோதான் இருக்கும். அதைத் தரையிலோ சுவரிலோ பூட்டாமல் அலமாரிக்குள் வைத்தால், எல்லா நகையையும் ஒன்றாகக் கட்டித் திருடன் கையில் கொடுத்த மாதிரி. அவன் வீட்டில் உட்கார்ந்து உடைக்க வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டு போய்விடுவான். பெட்டியின் அடியிலும் முதுகிலும் துளைகள் இருப்பதே போல்ட் அடிப்பதற்காகத்தான். பலர் அந்த போல்ட் பாக்கெட்டைப் பிரிப்பதே இல்லை.

எங்கள் வீட்டில் பெட்டி பொருத்த வந்த கொத்தனார், துளை போடுமுன் சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் மந்தமாகக் கேட்டது. விரலால் சுரண்டியதும் காரை மாவாகக் கொட்டியது.

"தம்பி, இது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரு. போல்ட்டு போட்டா பிடிக்கிற மாதிரி இருக்கும், நெம்புனா செங்கல்லோட வந்துடும். தரையில போட்டுக்குவோம்."

"தரையில ஈரம் ஏறுமேண்ணே?"

"ஏறும். அதுக்குத் தரையோட சேத்து ஒரு கான்கிரீட் மேடை கட்டி, அது மேல ஒக்கார வைப்போம்."

டெல்டாவில் பெட்டி வைக்கிற எல்லாருக்கும் இந்த யோசனையைச் சொல்வேன். பழைய ஓட்டு வீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனமாக இருந்தாலும் உள்ளே மண்ணும் காரையும்தான். புது வீடுகளில் அறைகளை மறிக்கும் நாலரை அங்குலச் சுவரும் போல்ட்டைத் தாங்காது. தரையோடு கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் மேடைதான் உறுதி. மேடை காய்ந்து இறுகிய பிறகு, பெட்டியின் அடித்துளைகள் வழியாக ஆங்கர் போல்ட் இறக்கி உள்ளிருந்து முடுக்க வேண்டும். சுவரில்தான் வைத்தாக வேண்டும் என்றால், துளைக்குள் பசை நிரப்பிப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கர் இருக்கிறது. பழைய செங்கல்லுக்கு அதுதான் தேவலை. மர அலமாரிக்குள் வைப்பவர்கள் போல்ட்டை மரத்தோடு நிறுத்திவிடாமல் பின்சுவர் வரை கொண்டுபோக வேண்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். எண்பூட்டோடு அவசரச் சாவி ஒன்று வரும். அதை அந்த அறையிலேயே வைக்காதீர்கள், முடிந்தால் அந்த வீட்டிலேயே வைக்காதீர்கள். கம்பெனி போட்டுத் தந்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். கல்யாண நாள், பிறந்த நாள், வண்டி நம்பர் வேண்டாம். பெட்டி வந்த அட்டைப் பெட்டியை வாசலில் போடுவதும் தெருவுக்கே தண்டோரா போட்டதாகிவிடும்.

வங்கி லாக்கர் இருக்கே?

இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் போடாத நகைக்கு அதுதான் நல்ல இடம். ஆனால் லாக்கரில் வைத்ததற்கு முழுப் பொறுப்பும் வங்கிதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு லாக்கர் வழக்கில், வங்கிகள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லி, விதிகளை வகுக்க ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. அந்த ஆகஸ்டில் வந்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருந்தது போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை. வாடகை 1,500 ரூபாய் என்றால் 1,50,000 ரூபாய். இன்றைய விலைக்கு அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம், இடி, நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் போனால், வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை அதுவும் கிடையாது. ரொக்கம் வைக்கவும் ஒப்பந்தத்தில் இடமில்லை.

எங்கள் பக்கத்தில் நகை வீட்டில் இருக்கும் நாளைவிட அடகில் இருக்கும் நாள் அதிகம். குறுவைக்கு நாற்றங்கால் விடும்போது கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைப்பது, அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும் மீட்பது, சம்பாவுக்கு மறுபடி வைப்பது. இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. அடகு நகையை அவர்களே எடை போட்டு, தரம் பார்த்து, சீட்டு எழுதித் தருகிறார்கள். ஆகவே அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, வயதானவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் சில குடும்பங்கள், வட்டி போனாலும் போகட்டும் என்று சிறு தொகைக்கு நகையை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. தவறென்று சொல்ல மாட்டேன். சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, வீட்டில் வைக்க வேண்டியது அடிக்கடி போடும் நகையும் அவசரத்துக்குக் கொஞ்சம் ரொக்கமும் மட்டும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

தீ தேடுவது காகிதத்தை

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வெள்ளிக்கு 962. செம்பு கலந்த நகைத் தங்கம் சற்றுக் குறைந்த சூட்டிலேயே இளகும். முத்தும் கல்லும் கெட்டுப்போகும். ஆனால் உருகினாலும் தங்கம் சாம்பலுக்கடியில் தங்கமாகத்தான் கிடக்கும். பத்தரிடம் கொண்டுபோனால் மீட்டுத் தருவார்.

காகிதம் சுமார் 230 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே பழுத்துக் கருகிவிடும். அதனால்தான் தீத்தாங்கும் பெட்டிகளைச் சோதிக்கும்போது உள்வெப்பம் 177 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரச் சோதனையில் வெளியே உலைச் சூடு 927 டிகிரி வரை ஏறும். உள்ளே 177க்குள் நிற்க வேண்டும். பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் வைப்பதற்கான பெட்டிக்கு வரம்பு இன்னும் குறைவு, 52 டிகிரி. பத்திரத்தைக் காப்பாற்றும் பெட்டி கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றாமல் போகலாம்.

திருட்டுக்கென்று செய்த பெட்டி முழுக்கக் கனமான எஃகு. எஃகு சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். அறை பற்றி எரியும்போது அதற்குள் வைத்த பத்திரம், மூடி போட்டு அடுப்பில் ஏற்றிய சட்டிக்குள் இருப்பது போலத்தான். தீ நாக்கு தொடாமலேயே கருகிவிடும். தீத்தாங்கும் பெட்டியின் கட்டுமானமே வேறு. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஜிப்சம், வெர்மிகுலைட் போன்றவை கலந்த கனமான பூச்சு. அந்தக் கலவைக்குள் நீர் கட்டுண்டிருக்கும். சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். கதவு விளிம்பில் உள்ள பட்டை சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும். தீயைத் தாங்கும் அதே மெல்லிய தகடு கடப்பாரைக்குத் தாங்காது. கனமான எஃகும் தீக்காப்பும் சேர்ந்த பெட்டிகளும் உண்டு. விலையும் எடையும் அதிகம். சாதாரணக் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: நகைக்கு, தரையில் பூட்டிய சின்ன எஃகுப் பெட்டி; காகிதத்துக்கு, ஒரு மணி நேர முத்திரையுள்ள தனித் தீப்பெட்டகம். இரண்டையும் வேறு வேறு அறைகளில் வையுங்கள். சமையலறைக்கு ஒட்டிய சுவர், பூஜை விளக்குக்குப் பக்கம், இன்வெர்ட்டர் பேட்டரியும் மின்சார ஸ்கூட்டர் சார்ஜரும் இருக்கும் மூலை, இவற்றைத் தவிருங்கள்.

ரொக்கமும் காகிதத்தோடு சேர்ந்ததுதான். ஓரளவு கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றலாம். கருகிப்போன நோட்டைக் கிளைகளில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

காகிதம் போனால் என்ன பாடு என்பதைப் பட்டவர்களைக் கேட்டால் தெரியும். பட்டா, சிட்டாவை இன்று இணையத்தில் எடுத்துவிடலாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். ஆனால் நகல் நகல்தான். மூலப்பத்திரம் இல்லை என்றால் வங்கியில் கடன் கேட்கும்போதும் நிலத்தை விற்கும்போதும் சிக்கல். காவல் நிலையத்தில் புகார், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று, நாளிதழில் விளம்பரம் என்று அலைய வேண்டும். ஒரு மா நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நாலு தாள்தான் பெண்ணின் கழுத்து நகையைவிடப் பெரிய சொத்து.

மூன்றாவதாகத் தண்ணீர்

வேறு ஊர்க்காரர்களுக்குத் திருட்டும் தீயும் போதும். காவிரிக் கடைமடைக்காரர்கள் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் மாவட்டத்தின் தெற்குப் பகுதி எப்படிச் சின்னாபின்னமானது என்று பார்த்தோம். கூரையும் ஓடும் பறந்த வீடுகளில், மழையில் ஊறி ஒட்டிக்கொண்ட ரேஷன் கார்டையும் சான்றிதழையும் திண்ணையில் பரப்பிக் காயவைத்தார்கள். தீப்பிடித்த வீட்டிலும் தீயணைப்பு வண்டியின் தண்ணீர் வந்தே தீரும்.

அதனால் பெட்டிக்குள்ளும் காகிதத்தை ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மூலப்பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரைத்தாளைச் சரிபார்க்க முடியாமல் போய்விடும். பெட்டி தரைமட்டத்திலிருந்து இரண்டடியாவது உயரத்தில் இருக்கட்டும். எங்கள் ஊர்க் கோயிலே மாடக்கோயில். மூலவர் உயரத்தில்தான் இருக்கிறார்.

தீத்தாங்கும் பெட்டிக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும், அந்தப் பூச்சின் குணம் அது. எங்கள் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்தால் காகிதம் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள், வெயில் அடிக்கும் நாளில் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். முத்து, தோல் பொருள், கைக்கடிகாரம் அதற்குள் வேண்டாம்.

யாருக்குத் தெரியும்?

முன்பெல்லாம் பொருளைக் காக்க மண்ணில் புதைத்தார்கள். படையெடுப்புக் காலங்களில் டெல்டா கோயில்களின் செப்புத் திருமேனிகள் பல அப்படித்தான் தப்பின. திருடன் கண்ணில் படவில்லை, தீ தொடவில்லை. ஆனால் புதைத்தவர்கள் போனபின் இடமும் மறந்துபோனது. எங்கள் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணைத் தோண்டிய ஒரு தொழிலாளி கையில் கிடைத்த நடராசர், சொந்தக்காரர்களுக்குத் தெரியாமலே விலைபோய் லண்டன் வரை போய்விட்டார். அங்கே பல ஆண்டு வழக்கு நடத்தி, தொல்லியல் அறிஞர் நாகசாமி போன்றவர்கள் சாட்சி சொல்லி, 1991இல்தான் நடராசரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பெட்டிக்கும் இதே கதிதான். கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். எண் அவருக்கு மட்டும் தெரியும். அவருக்கு ஒன்று ஆனால் வீட்டில் என்ன செய்வார்கள்? நகை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. அவர்களுக்குத் தெரியாத எண்ணைப் போட்டு அவர்கள் பொருளைப் பூட்டுவது சரியல்ல. மனைவிக்கோ அம்மாவுக்கோ எண் தெரிய வேண்டும். வேறு வீட்டில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒட்டிய உறையில் இன்னொரு பிரதி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடை, ரசீது, ஹால்மார்க்கில் உள்ள ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். 2023 ஏப்ரல் முதல் புது ஹால்மார்க் நகையில் அந்த எண் கட்டாயம். திருட்டுப் போனால் போலீசுக்குச் சொல்லவும், காப்பீடு கேட்கவும் அதுதான் ஆதாரம். 2021இல் வந்த 'பாரத் கிரிஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் வீட்டுச் சாமான்கள் அடங்கும். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்க் ஷீட், ஆதார், வண்டிப் பதிவை டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். நாள்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். விழித்திருக்கும் ஆளுக்கு ஈடான பூட்டு இன்னும் வரவில்லை.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு

கூரை வீட்டில் இருக்கிறவர்களிடம் தீப்பெட்டகம் வாங்குங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம். தகர டிரங்குப் பெட்டி தீக்குத் தாங்காது. உங்கள் தெருவில், உங்களிடம் வேலை செய்கிறவர்களில், கூரை வீட்டுக் குடும்பம் இருந்தால் அவர்கள் அட்டைகளையும் சான்றிதழ்களையும் செல்போனில் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் ஏற்ற உதவுங்கள். பட்டாவோ மனைப் பத்திரமோ இருந்தால், கான்கிரீட் வீட்டில் இருக்கும் அவர்களுடைய உறவினரிடம் வைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லை, ஒரு சாயங்காலம் போதும்.

கூரையில் பற்றிய தீயின் வேகத்தை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை அப்படித்தான் இழந்தோம். குடிசை எரியும்போது வெளியே வந்துவிட்டு, பட்டாவுக்காகவும் பிள்ளையின் சான்றிதழுக்காகவும் மறுபடி உள்ளே ஓடுகிறவர்கள் உண்டு. அந்த ஓட்டத்தைத் தடுப்பதுதான் தீப்பெட்டகத்தின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். காகிதம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் திரும்பி ஓட மாட்டார்கள்.

ஆகவே வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தீ என்றால் பெட்டிப் பக்கம் போகாமல் வெளியே ஓட வேண்டும். கத்தியைக் காட்டி ஒருவன் கேட்டால் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். தாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடமான பிறகு கடைக்குப் போய்ப் பெட்டி பாருங்கள்.